சொந்தக்காரர் இல்லாத துறைமுகம்

செவ்வாய், பிற்பகல் 2.40. ரோமில் மாறி ஏறிய சின்ன விமானம் பலெர்மோவின் புன்ரா றைசி விமான நிலையத்தில் இறங்கியது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மொட்டை மலை. சக்கரம் நிலத்தில் பட்டதும் இத்தாலியர்கள் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வெளியே வந்து நாலு பக்கமும் பார்த்தேன். "அக்கா, இஞ்சை!" என்று ஓடிவந்து பெட்டியைப் பறிக்க ஒருவரும் இல்லை. அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்ல! ஐம்பத்தெட்டு வயதில் முதல்முதலாக ஓர் ஊருக்கு உல்லாசப் பயணியாக வந்திருக்கிறேன்.

விளங்கச் சொல்கிறேன். நான் ரொறன்ரோவுக்கு வந்து முப்பத்தொரு வருடம். வீடு வெக்ஸ்போர்ட்டில், வேலை ஸ்காபுரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. இவ்வளவு காலத்தில் பாரிசுக்கு நாலு தரம், லண்டனுக்கு மூன்று தரம், சூரிச்சுக்கு இரண்டு தரம் போய்வந்தாயிற்று. எல்லாம் கலியாணவீடு, செத்தவீடு, சாமத்தியவீடு. விமான நிலையத்தில் ஒரு சொந்தக்காரர் ஏற்றுவார். அவர் வீட்டு சோபாவிலிருந்து அடுத்தவர் வீட்டு சோபாவுக்குக் கொண்டுபோவார்கள். சாப்பாடு, கலியாண வீடியோ, பிறகும் சாப்பாடு. ஈபிள் கோபுரத்தை ஒரேயொரு தரம் கண்டேன், செத்தவீட்டுக்குப் போகிற அவசரத்தில், கார்க் கண்ணாடிக்குள்ளால். குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்பார்களே, அதுதான்.

இந்த முறை, பள்ளிக்கூடம் பூட்டின ஜூலை முதல் கிழமையில், மத்தியதரைக் கடலோரம் ஒரு பழைய துறைமுகம், சொந்தக்காரர் இல்லாத ஊர் என்று தேடி, சிசிலித் தீவின் பலெர்மோவில் விரலை வைத்தேன். ஒஷாவாவில் இருக்கும் என் மகள் மதுரா கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அம்மா, நோ சான்ஸ். ரெண்டாம் நாளே ஆரோ ஒரு அன்ரியின்ரை கிச்சின்ல இருந்து எனக்குக் கோல் பண்ணுவீங்கள்."

"அஞ்சு நாளைக்குள்ள ஒரு சொந்தக்காரற்றை வாசல்படியை நான் மிதிச்சா, இனி ஒற்றையாய்ப் போற கதையே எடுக்க மாட்டன்," என்றேன். "மிதிக்காட்டி, வருஷா வருஷம் நான் கேட்ட ஊர். நீயும் அப்பாவும் வாய் திறக்கப்படாது."

"டீல்!" என்றாள். கையடித்துச் சத்தியம் பண்ணினோம்.

விமான நிலையத்திலிருந்து நகரம் முப்பத்தைந்து கிலோமீற்றர். ரெயினுக்கு 6 யூரோ 80 சதம், ஒரு மணித்தியாலம். ஹோட்டல் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு நாளைக்கு 74 யூரோ, மூன்றாம் மாடி, லிப்ற் கிடையாது. பெட்டியை நானே இழுத்து ஏற்றினேன். மூச்சு வாங்கினாலும் சுகமாகத்தான் இருந்தது. ஐந்து மணிக்கு லா காலா என்கிற பழைய துறைமுகத்தில் போய் நின்றேன். பினீசியர் இறங்கிய துறை, பிறகு ரோமர், அரபியர், நோர்மன்காரர், ஸ்பெயின்காரர் என்று வந்தவர்கள் எல்லாரும் தங்கள் பங்குக்கு ஒன்றைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது பாய்மரப் படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. மூன்று யூரோவுக்கு அறன்சீனா ஒன்று வாங்கினேன். சோற்றுக்குள் இறைச்சிக் கறியை வைத்து உருட்டிப் பொரித்த உருண்டை. எங்கள் ரோல்ஸுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி என்று சொல்லலாம். யாரும் "இன்னும் ஒண்டு போடட்டோ" என்று கேட்கவில்லை. கேட்காமலே இன்னுமொன்று வாங்கிச் சாப்பிட்டேன்.

புதன், காலை 9.15. நாலு மூலையிலும் நாலு மாளிகை வளைந்து நிற்கும் சந்தியைச் சுற்றி வந்து, பல்லறோ சந்தைக்குள் நுழைந்தேன். அங்கேதான் என் புத்தி என்னைக் கவிழ்த்தது. மீன் கடையில் நல்ல பாரை ஒன்று கிடந்தது. ஹோட்டலில் தங்கியிருப்பவளுக்குப் பாரை மீன் எதற்கு? கை கேட்டால்தானே! செவுளைத் தூக்கிப் பார்த்தேன். பார்த்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "சீ, நேற்றையான்," என்று வாய்விட்டும் சொன்னேன்.

"இல்லையக்கா, விடியத்தான் வந்தது," என்றார் கடைக்குள் ஐஸ் அள்ளிக்கொண்டிருந்த ஒருவர்.

எனக்குத் திக்கென்றது. திரும்பிப் பார்த்தால் சந்தை முழுக்க எங்கள் சனம்! கருவேப்பிலையும் முருங்கைக்காயும் வைத்த கடை, பச்சைமிளகாய்க்குப் பேரம் பேசும் இரண்டு பெண்கள், காவடிப் படம் போட்ட கலண்டர். சொந்தக்காரர் இல்லாத ஊரென்று தேடி நான் வந்து சேர்ந்த லட்சணம் அது. தமிழர் இருக்கிறார்களா என்று ஒரு சொல் கூகிளில் தட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டாயிற்று.

மீன்கடைக்காரரின் பெயர் அமலன், மன்னார்ப் பக்கம். "அக்கா எவ்விடம்? கனடாவோ? வீட்டுக்கார அண்ணையின்ரை பேரென்ன? அவரின்ரை பகுதி எது?" எங்களில் இந்தக் கேள்விகளுக்கு மறுமொழி சொல்லாமல் தப்பியவர் ஒருவரும் இல்லை. நான் சொல்லி முடிக்க முதலே அமலன் போனை எடுத்துவிட்டார். ஐந்தாவது நிமிடம் அதை என் காதில் வைத்தார்.

"மச்சாள்! நான் ரஜனி!"

ரஜனி என் வீட்டுக்காரரின் சின்னையா மகள், அவருக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. குடும்பத்தில் அவளை "இத்தாலியில இருக்கிறவள்" என்றுதான் சொல்வோம். இத்தாலியில் எந்த ஊர் என்று ஒருவரும் கேட்டதில்லை. பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் வீடு துப்புரவாக்கும் வேலை செய்கிறாளாம்.

"மத்தியானம் வீட்டை வாங்கோ. கணவாய் வாங்கி வைச்சிருக்கிறன்."

"ரஜனி, குறை நினையாதையும். நான் வீட்டை வரேல்லை."

"உதென்ன கதை மச்சாள்? வீட்டை வராமல்?"

பந்தயக் கதையைச் சொன்னேன். பகிடியென்று நினைத்துச் சிரித்தாள். பகிடியில்லை என்று விளங்கியதும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

வியாழன். காலை பத்து மணிக்கு நோர்மன் அரண்மனைக்குள் நின்றேன். அங்குள்ள தேவாலயத்தில் சுவரெல்லாம் பொன் பதித்த சித்திரம், மேலே அரபுத் தச்சர்கள் மரத்தில் கடைந்த முகடு. வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து நிற்கும்போது போன் அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தேன். ரொறன்ரோவில் விடியாத நேரத்தில் எழும்பி என் வீட்டுக்காரர் பேசினார்.

"உமக்கென்ன விசரே? சின்னையாவின்ரை பெட்டை அழுகிறாள். ஒரு தேத்தண்ணியாவது குடிச்சிட்டு வாருமன். பந்தயமாம் பந்தயம்!"

"அவளை அழவிட எனக்கும் விருப்பமில்லையப்பா. ஆனா இண்டைக்குப் போனனெண்டால், இனி நான் ஒரு இடமும் பாக்க மாட்டன்."

சொல்லிவிட்டேனே தவிர மனம் ஆறவில்லை. சமைத்து வைத்துக் கூப்பிட்டவளின் வீட்டுக்குப் போகாமல் விடுவது எங்களில் சின்னக் காரியமா? அரண்மனை வாசல் படியில் குந்தியிருந்து யோசித்தேன். அவளையும் அழவிடக்கூடாது, வாசல்படியும் மிதிக்கக்கூடாது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளுக்கு ஒரு பாதை மூடியிருந்தால் அடுத்த பாதை தெரிய வேண்டும். ரஜனிக்குப் போன் அடித்தேன்.

"நீர் இந்தத் துறைமுகத்தில இருந்து வள்ளத்தில ஏறி ஊரைப் பாத்திருக்கிறீரோ?"

"உது வெள்ளைக்காரர் ஏறுறது மச்சாள்."

"நாளைக்கு நாங்கள் ஏறுவம். சமைச்சதைக் கட்டிக்கொண்டு வாரும். நீர்தான் என்ரை விருந்தாளி."

"நாளைக்கு வேலை," என்றாள். பிறகு, "பொறுங்கோ, வேலைவீட்டுச் சின்யோறாவிட்டை வரேல்லையெண்டு சொல்லிப்போட்டு எடுக்கிறன்." பத்து நிமிடத்தில் திரும்பவும் போன் எடுத்தாள். பத்தொன்பது வருடத்தில் வருத்தம் காய்ச்சல் இல்லாமல் லீவு கேட்டது அதுதான் முதல் தரமாம். கேட்டதும் தந்துவிட்டார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

வெள்ளி, காலை 10.30. ஆளுக்கு 35 யூரோ, மூன்று மணித்தியால ஓட்டம், பன்னிரண்டு பேருக்கான வள்ளம். ரஜனி கறுப்புக் கண்ணாடியும் புதுத் தொப்பியுமாக, மூன்று தட்டுச் சாப்பாட்டு ரிபன்கரியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் கலியாணத்தில் கண்ட மெலிந்த பெட்டை இப்போது நாற்பத்தேழு வயது மனுசி. கட்டிப்பிடித்து அழுது முடிக்க முதல் வள்ளம் வெளிக்கிட்டுவிட்டது.

துறைமுகம் பின்னால் போகப் போக ஊர் எழும்பி வந்தது. கூம்பு கூம்பாகக் கோபுரங்கள், மஞ்சள் மதில்கள், அவற்றுக்கு மேலே சந்த றொசாலியா குகைக் கோயில் இருக்கிற பெல்லெக்றீனோ மலை. வள்ளக்காரர் இத்தாலியில் பொரிந்து தள்ளினார். ரஜனி எனக்குத் தமிழிலும், முன்னால் இருந்த ஜெர்மன்காரச் சோடிக்கு அரைகுறை ஆங்கிலத்திலும் சொன்னாள். வள்ளக்காரர் ஒரு மதிலைப் பிழையாகச் சொன்னாராம். எழும்பி நின்று திருத்தினாள். அவரும் தலையில் கை வைத்து ஒத்துக்கொண்டார்.

திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மச்சாள், அங்கை பாருங்கோ! மூண்டாம் மாடி, பச்சை யன்னல்! பத்தொன்பது வருஷமா அந்தக் கண்ணாடியை நான்தான் துடைக்கிறன். அதுக்குள்ளால இந்தக் கடலை எத்தினை நாள் பாத்திருப்பன்! ஐயோ, என்ன வடிவு மச்சாள், என்ரை ஊர்!"

"வேர் ஆர் யூ ஃபுறொம்?" என்று ஜெர்மன்காரப் பெண் கேட்டாள். ரஜனி இலங்கை என்று சொல்லவில்லை. நெஞ்சில் தட்டி, "பலெர்மோ!" என்றாள். வள்ளக்காரர் ஹோர்ன் அடித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மலையடியில் வள்ளத்தை நிறுத்தினார்கள். ரிபன்கரியர் திறந்தது. புட்டு, கணவாய்க் கறி, கத்தரிக்காய்ப் பொரியல். வாசத்துக்கு வள்ளமே திரும்பிப் பார்த்தது. வள்ளக்காரர் கறியை வாயில் வைத்து, முகம் சிவந்து, அரைப் போத்தல் தண்ணீர் குடித்து, கையை மறுபடி நீட்டினார். அந்தக் கடலுக்கு நடுவிலிருந்து மதுராவையும் தகப்பனையும் சேர்த்து வீடியோ கோல் எடுத்தேன்.

"அம்மா, தட்ஸ் சீற்றிங்! ரஜனி அன்ரியின்ரை சாப்பாடு!"

"பந்தயத்தில சாப்பாட்டைப் பற்றிக் கதைச்சதோ? வாசல்படி எங்கை இருக்கு, காட்டு பாப்பம்!"

கமெராவைச் சுற்றிலும் திருப்பிக் காட்டினேன். எல்லாப் பக்கமும் தண்ணீர். "ஓகே, ஓகே, யூ வின்," என்றாள். மற்றப் பக்கத்தில் அவளுடைய தகப்பனும் சிரித்தது கேட்டது. ஆகா, அப்போது தின்ற கணவாயின் ருசி வேறெங்கும் கிடைக்காது.

சனி, காலை 8.50. ரெயினில் ஏறி இருந்தபோது எங்கள் ரொறன்ரோவின் நினைப்பு வந்தது. அங்கேயும் ஏரி, துறைமுகம், படகு எல்லாம் இருக்கின்றன. வந்த விருந்தாளிகளைப் படகில் ஏற்றிவிட்டு, பார்க்கிங் காசு மிச்சமென்று காருக்குள் இருந்தவள் நான். என் ஊரைத் தண்ணீரிலிருந்து இன்னும் நான் பார்த்ததில்லை. போன கையோடு அதையும் பார்த்துவிட வேண்டும்.

ரெயின் வெளிக்கிட ஐந்து நிமிடம் இருக்க ரஜனி மேடையில் ஓடிவந்தாள். வேலை உடுப்பில் நின்றாள். கையில் பார்சல் ஒன்றும் இல்லை.

"மச்சாள், வாற வருஷம் எங்கை போறியள்?"

"இன்னும் யோசிக்கேல்லை. ஏன்?"

"ரிக்கற் ரெண்டாய் எடுங்கோ. என்ரை காசை நான் அனுப்புறன்."

"உம்மடை மனிசனிட்டைக் கேட்டனீரோ?"

கதவு மூடத் தொடங்கியது. ரஜனி தொப்பியில்லாத தலையை நிமிர்த்திச் சத்தமாகச் சொன்னாள்:

"கேக்கேல்லை மச்சாள். சொல்லிப்போட்டன்!"