ஒரு பிள்ளைக்கு மட்டும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை பின்னேரம் மட்டும், நானும் தங்கச்சியும் எங்கள் பெற்றோருக்குப் பிறக்காத பிள்ளைகளாக இருக்க வேண்டி வந்தது. ஏற்பாடு மாமாவுடையது.

மாமா அம்மாவின் தம்பி. எங்களுக்கு மூன்று வருடம் முந்தியே லண்டனுக்கு வந்துவிட்டவர். அதனால் இந்த நகரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். எல்லோரையும்விட அவர் நம்பினார். இரவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை, பகலில் எங்களுக்கு ஆலோசனை சொல்வது. இரண்டுக்கும் நடுவில் உறங்குவதற்கு அவர் நேரம் ஒதுக்கவில்லை.

அது எண்பதுகளின் கடைசி. ஈஸ்ட்ஹாமில் மாமாவின் சிநேகிதர் ஒருவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் முன்னறையில் நாங்கள் இருந்தோம். அப்பா, அம்மா, நான், தங்கச்சி, இரண்டு வயதுத் தம்பி, சுவரோரம் மடித்து வைத்த இரண்டு மெத்தைகள். அந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறார், மாத முடிவுக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஒரு நாள் செய்தி வந்தது. அப்பா அந்தப் பகுதி நகரசபையான கவுன்சிலுக்குப் போய் வரிசையில் நின்று கேட்டார். வேறு வீடு பார்க்காவிட்டால் ஏதாவது ஒரு ஹொட்டேலில் ஓர் அறை தருவோம், அது லண்டனின் எந்த மூலையில் இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். லண்டன் வந்த எட்டு மாதத்தில் நான் ஏற்கெனவே இரண்டு பள்ளிக்கூடம் பார்த்திருந்தேன். மூன்றாவது ஒன்றில் போய் நின்று, ஆசிரியை என் பெயரைக் கடித்துக் குதறுவதை மறுபடியும் கேட்க வேண்டுமே என்பதுதான் என்னுடைய கவலை. அம்மாவின் கவலை, ஹொட்டேலில் சமைக்க விடமாட்டார்கள் என்பது.

அப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பிரதம இலிகிதராக, தலைமை எழுத்தராக, இருந்தவர். இங்கே எங்கள் அகதி மனுவுக்குக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் இருந்து ஒரு கடிதம் வரும்வரை அவர் வேலை செய்யக் கூடாது. அதுவரை வாடகையைக் கவுன்சில் கட்டும். ஆனால் கவுன்சில் கட்டுகிற வாடகையை வாங்குகிற வீட்டுக்காரரை நாங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

பின்னேரங்களில் அப்பாவும் நானும் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் அட்டைகளை வாசித்துக்கொண்டு தெருத் தெருவாக நடப்போம். அறை வாடகைக்கு, வீடு வாடகைக்கு என்று தொடங்குகிற அட்டைகள் அநேகமாக எல்லாமே 'நோ டி.எஸ்.எஸ்.' என்று முடியும். நாய் கூடாது, பூனை கூடாது என்பதற்குப் பக்கத்திலேயே அது எழுதியிருக்கும். ஆகையால் டி.எஸ்.எஸ். என்பது வீட்டில் வளர்க்கிற ஏதோ ஒரு பிராணி என்றே நான் நினைத்திருந்தேன். அது என்ன மாதிரி இருக்கும் என்று ஒரு நாள் அப்பாவிடம் கேட்டேன்.

"அது அரசாங்கக் காசிலை வாடகை கட்டுற ஆக்கள், பிள்ளை," என்றார் அப்பா. கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, "நாங்கள்தான்," என்றார்.

மாத முடிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது மாமா ஒரு விலாசத்தோடு வந்தார். தேம்ஸ் நதிக்கு அந்தப் பக்கம், வூலிச்சில், ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும். கீழே வீட்டுக்காரி இருக்கிறா. அட்டையில் 'ஒரு பிள்ளைக்கு மட்டும் இடமுண்டு' என்று இருந்தது. அடியில் வழக்கமான அந்த மூன்று எழுத்துகளும் இருந்தன. மாமா எதற்கும் அஞ்சாமல் ரெலிபோன் எடுத்து, சனிக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டிருந்தார்.

"அத்தான், நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். வேலை எண்டு கேட்டால் ஒபிஸ் எண்டு சொல்லுங்கோ. சின்னவனை மட்டும் கொண்டு போங்கோ. வீட்டுத் திறப்பு கையிலை வரட்டும், பிறகு மற்ற ரெண்டு பேரையும் மெல்ல மெல்லக் காட்டலாம்."

"என்ரை பிள்ளையள் என்ன கள்ளச் சாமானே?" என்றா அம்மா.

"லண்டனிலை எல்லாரும் இப்பிடித்தான் அக்கா."

அப்பா சப்பாத்துக்கு மினுக்கம் போட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை எல்லோரும் பஸ் எடுத்து ஆற்றங்கரைக்குப் போனோம். அங்கேயிருந்து அக்கரைக்குக் கார்களையும் லொறிகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய படகு போய் வரும். நடந்து போகிறவர்கள் கீழ்த்தட்டில் மர வாங்குகளில் அமர்ந்து போகலாம். யாருக்கும் ரிக்கற் வேண்டியதில்லை. மாமாவின் திட்டத்தின் உயிர்நாடி இதுதான். அப்பாவும் அம்மாவும் தம்பியும் அக்கரையில் இறங்கி வீடு பார்க்கப் போவார்கள். நாங்கள் மாமாவின் பொறுப்பில், மழையும் குளிரும் படாமல், செலவில்லாமல், வேலை முடியும்வரை ஆற்றின் குறுக்கே போய் வந்துகொண்டிருப்போம். வழி தவறினால் என்ன செய்வது என்று எனக்கு அந்த வீட்டு விலாசத்தை அம்மா பாடமாக்க வைத்திருந்தா.

அவர்கள் நேரத்தோடேயே இறங்கிப் போனார்கள். படகு திரும்பவும் வடகரைக்கு வந்து சேர்வதற்குள் எங்கள் பாதுகாவலர் கண்ணாடியில் தலையைச் சாய்த்து நன்றாக உறங்கிவிட்டார்.

வடகரையில் சீனித் தொழிற்சாலையின் வேலை முடிந்த ஆட்கள் கூட்டமாக ஏறினார்கள். வெள்ளைக்காரர்கள், கறுப்பர்கள், தலைப்பாகை கட்டிய இரண்டு சீக்கியர்கள், எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காத மொழியில் கலகலவென்று பேசிய வியட்நாம்காரப் பெண்கள். நீலக் கோட்டு அணிந்த ஒரு பெருத்த கறுப்பினப் பெண்மணி எங்களுக்கு எதிரே வந்து, சப்பாத்து வாரைத் தளர்த்திவிட்டு, பெருமூச்சோடு அமர்ந்தார். அவர்மேல் சீனி காய்ச்சின மணம் வீசியது. தங்கச்சிக்கு ஆறு வயது. பசி வந்தால் மானம் பார்க்கமாட்டாள். அந்த மணத்தை மோந்ததும் அழத் தொடங்கினாள்.

பெண்மணி பையிலிருந்து ஒரு பணிஸ் எடுத்துப் பாதியாகப் பிய்த்து எங்களிடம் நீட்டினார். தெரியாத ஆட்களிடம் எதுவும் வாங்கக் கூடாது என்று நான் தங்கச்சிக்குச் சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய பாதி முடிந்துவிட்டது. அம்மா எங்கே என்று அவர் கேட்டார்.

என்னுடைய எட்டு மாத ஆங்கிலத்தைக் காட்ட அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று எனக்குத் தோன்றியது. எங்கள் அம்மா ஒரு வீடு பார்க்கப் போயிருக்கிறா, நாங்கள் அங்கே இல்லை என்றேன்.

ஏன் இல்லை என்றார்.

"அந்த வீடு ஒரு பிள்ளைக்கு மட்டும். எங்கள் தம்பிதான் அந்தப் பிள்ளை. வீடு கிடைத்த பிறகு நாங்களும் பிள்ளைகளாகி விடுவோம்," என்று விளக்கினேன். முழுவதையும் சொல்லிவிடுவதே நேர்மை என்று எண்ணி, "அப்பாவும் ஒபிசில் வேலை செய்யவில்லை. ஆனால் கேட்டால் செய்கிறார்," என்றும் சேர்த்தேன்.

அவர் என்னையே பார்த்தார். எந்தத் தெரு என்று கேட்டார். பாடமாக்கியிருந்த விலாசத்தை நான் இலக்கத்தோடு ஒப்புவித்தேன். அவர் கோட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பாவம், எங்கள் நிலைமையைக் கேட்டு அழுகிறார் என்று நான் நினைத்தேன்.

படகு வூலிச் கரையைத் தொட்டபோது அவர் எழுந்து, உங்களோடு வந்தது யார் என்று கேட்டார். நான் காட்டினேன். அவர் மாமாவின் தோளைப் பிடித்து உலுப்பினார். மாமா கண் திறக்காமலே, "எந்தப் பம்ப்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்தத் தெருவில் சின்னச் சின்ன வீடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அந்த வீட்டு வாசலில் அப்பா சூட்டும் கழுத்தில் ரையும் அணிந்து, குடை பிடித்துக்கொண்டு, ஒரு பிள்ளையின் தந்தையாக நின்றார். பக்கத்தில் அம்மா, இடுப்பில் தம்பி. தெரு முனையில் யாரோ ஒரு பெண்மணியின் இரண்டு கையிலும் நாங்கள் தொங்கிக்கொண்டு வருவதையும், பின்னால் மாமா தலைமயிரைக் கோதிக்கொண்டு ஓடி வருவதையும் அவர்கள் கண்டார்கள். எங்களைத் தெரியாதது போல் பார்ப்பதா, தெரிந்தது போல் பார்ப்பதா என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. தங்கச்சி அந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்தாள். "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடிப் போய் அவவின் சேலையைக் கட்டிப் பிடித்தாள்.

பெண்மணி நிதானமாகப் பையைத் திறந்து, திறப்பை எடுத்து, அந்த வீட்டுக் கதவைத் திறந்தார்.

அந்த நிமிடத்தில் மாமாவின் முகம் இருந்த இருப்பை அம்மா பல வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறா. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அப்பா குடையை மடக்கினார். மழையிலே நின்றுகொண்டு, தனக்கு மூன்று பிள்ளைகள் என்றும், வேலை இல்லை என்றும், வாடகையைக் கவுன்சில்தான் கட்டும் என்றும், வந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றும், இராஜினாமாக் கடிதம் வாசிப்பது போல ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார்.

"எல்லாத்தையும் சொல்லிப்போட்டியள். வாங்கோ, போவம்," என்றா அம்மா.

"முதலில் உள்ளே வாருங்கள். பிள்ளைகளின் கால் நனைந்திருக்கிறது," என்றார் பெண்மணி.

குசினியில் எல்லோருக்கும் தேத்தண்ணி கிடைத்தது. மேலே ஓடித் திரியாமல், வீட்டுக்குள் சப்பாத்துப் போடாமல் இருந்தால் மூன்று பிள்ளைகள் பரவாயில்லை என்றார் பெண்மணி. நான் தங்கச்சியை வெற்றியோடு பார்த்தேன். ஆனால் டி.எஸ்.எஸ். மட்டும் ஏலாது என்று அவர் அதே மூச்சில் சொல்லிவிட்டார். முன்பு இருந்த ஒருவர் அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், இருபது பக்கம், அதற்குப் பிறகு கவுன்சிலில் இருந்து கடிதத்துக்கு மேல் கடிதம், அந்தத் தொல்லை எனக்கு வேண்டாம் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் படகில் சிரித்த முகம் அது இல்லை. மாமா கோட்டை எடுத்தார். அம்மா தம்பியைத் தூக்கினா.

"அந்தப் போர்மை நான் ஒருக்கால் பார்க்கலாமா?" என்று அப்பா கேட்டார்.

அலுமாரி லாச்சியை இழுத்ததும், எதுவும் எழுதப்படாத ஒரு படிவம் வந்தது. அதனடியில் உடைக்காத மண்ணிறக் கடித உறைகள் ஒரு கட்டு இருந்தன. அப்பா படிவத்தை இரண்டு கையாலும் வாங்கினார். லண்டன் வந்து எட்டு மாதமாக நான் பார்க்காத ஒரு மனிதர் அப்போது அப்பா இருந்த கதிரையில் வந்து அமர்ந்தார். முதுகு நிமிர்ந்தது. சட்டைப்பையிலிருந்து பேனை வெளியே வந்தது. பக்கங்களை ஒரு தரம் முன்னுக்கும் ஒரு தரம் பின்னுக்கும் புரட்டிவிட்டு, "இதிலை உங்களுக்கு நாலு பக்கம்தான் அலுவல். மிச்சம் எல்லாம் என்ரை பாடு," என்று அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

பிறகு ஒவ்வொரு கேள்வியாக உரத்து வாசித்தார். பெண்மணி பதில் சொல்லச் சொல்ல, அப்பா அச்சடித்தது போன்ற எழுத்தில் எழுதினார். எழுதியதையும் திரும்ப வாசித்துக் காட்டினார். அப்பாவின் உச்சரிப்பு எனக்கு வெட்கமாக இருந்தது. "அப்பா, அவவுக்கு இங்கிலீஸ் தெரியும். அவவிட்டைக் குடுங்கோ, அவவே வாசிப்பா," என்றேன்.

மேசைக்குக் கீழே அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் கன்றிப் போயிருந்தது. அப்பா நான் சொன்னது காதில் விழாதது போல அடுத்த கேள்விக்குப் போனார். கடைசியில் விரலை வைத்து இடத்தைக் காட்டினார். பெண்மணி பேனையை இறுக்கிப் பிடித்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, படம் கீறுவது போல மெதுவாகத் தன் பெயரை எழுதினார். பிறகு எழுந்து போய், லாச்சியில் இருந்த மண்ணிற உறைகளையும் எடுத்து வந்து அப்பாவுக்கு முன்னால் வைத்தார்.  ஏன் உடைக்கவில்லை என்று கேட்காமல் அப்பா முதலாவது உறையை உடைத்தார்.

மாத முடிவுக்கு ஒரு நாள் இருக்கும்போது கவுன்சிலின் சம்மதக் கடிதம் வந்தது. ஒரு பிழையும் சொல்லாமல், ஒரு கேள்வியும் கேட்காமல், முதல் தரத்திலேயே வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்றார் மாமா. மறுநாள் நாங்கள் படகில் வீடு மாறினோம். மாமா ஒரு மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்திருந்தார். அப்பா மற்றதை. அம்மா தையல் மெஷினை மடியில் வைத்திருந்தா. தங்கச்சி சோற்றுப் பானையைக் கட்டிப் பிடித்திருந்தாள். நான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளில் மூத்தவளாக, பார்க்கிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று படகின் நடுவில் நின்றேன். அக்கரையில் அந்தப் பெண்மணி தொழிற்சாலைச் சாமான் வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார். இறங்கியதும் தங்கச்சி அவருடைய பையைத்தான் முதலில் பார்த்தாள்.

அந்த மாடியில் ஏழு வருடம் இருந்தோம். அப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி வந்தது, வேலை வந்தது, கவுன்சில் எங்களை மறந்தது. நான் அங்கேயிருந்தே மூன்றாவது பள்ளிக்கூடத்துக்கு, இடையில் மாறாமல், போய், என் பெயரை எல்லா ஆசிரியைகளுக்கும் சரியாகச் சொல்லப் பழக்கினேன். சனிக்கிழமைகளில் வேலை முடிந்து வந்ததும் எங்களுக்கு அன்ரியாகிவிட்ட அந்தப் பெண்மணி மாடிப்படி ஏறி வருவார். கையில் அந்த வாரத்துக் கடிதங்கள், வந்தது வந்தபடி, உடைக்காமல் இருக்கும். அப்பா உடைத்து உரக்க வாசிப்பார். அவர் 'வெட்னெஸ்டே' என்று வாசித்தால் அன்ரி 'வென்ஸ்டே' என்று திருத்துவார். அப்பா இன்னொரு தரம் சொல்லிப் பார்ப்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அதே மேசையில் இருந்து வீட்டுப்பாடம் எழுதுகிற எனக்கு அப்பாவை நினைத்தால் பாவமாக இருக்கும். இத்தனை வருடமாகியும் அவருக்கு ஆங்கிலம் சரியாக வாசிக்கத் தெரியவில்லை. அன்ரியோ அலுக்காமல் கிழமைக்குக் கிழமை தன் கடிதங்களைக் கொண்டுவந்து அவருக்குப் படிப்பித்துவிட்டுப் போகிறார். எவ்வளவு பொறுமையான மனுசி என்று வியந்துகொண்டு, நான் என் கணக்கைச் செய்வேன்.