ஒன்பதாம் பக்கத்துக் கட்டைவிரல்

அந்த அறிக்கை பதினான்கு பக்கம். ஸ்பைரல் பைண்டிங், முன்னால் கண்ணாடித் தாள், பின்னால் நீல அட்டை. ஒன்பதாம் பக்கத்தில் மட்டும் ஒரு கட்டைவிரல் ரேகை, வனஸ்பதியும் மாவும் கலந்து உலர்ந்து மஞ்சளாகிவிட்டது. வங்கியில் நிறுவன இணைப்புப் பிரிவில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவள் நான். எந்தத் தாளை எத்தனை வருடம் வைத்திருந்து எப்போது கிழிக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். இந்தத் தாளுக்குத்தான் விதி எதுவும் அகப்படவில்லை.

எழுதியவள் ஆஸ்டின் டவுனில் எங்கள் கீழ்வீட்டுப் பெண். அப்போது பதினாறு வயது, முதல் பியூசி காமர்ஸ், நம் கணக்கில் பதினொன்றாம் வகுப்பு. தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். அப்பா எங்கள் தெருமுனை பேக்கரியில் மாஸ்டர். இருபது வருடமாக அந்த விறகடுப்பின் முன்னால் நின்று வாங்கிய சம்பளத்தில்தான் வீடும் ஓடியது, அவளுடைய காலேஜும் ஓடியது. அவளுக்கோ இன்வெஸ்ட்மென்ட் பேங்கர் ஆக வேண்டும். கம்பெனிகளை விலை மதித்து, வாங்கவும் விற்கவும் ஆலோசனை சொல்கிற வேலை. அதற்குப் பதின்வயதிலேயே எப்படித் தயாராவது என்று இணையத்தில் கிடைத்த பட்டியலொன்றை அச்செடுத்து நோட்டில் ஒட்டியிருந்தாள். எக்செல் பழகு. தினமும் வணிகச் செய்தி படி. துறையில் இருந்தவர்களோடு தொடர்பு வளர்த்துக்கொள். அந்த மூன்றாவது வரி நான். ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

நன்றாகத் தெரிந்த ஒரு நிறுவனத்தை மதிப்பிட்டு அறிக்கை எழுது என்றது நான்காவது வரி. அவளுக்கு நன்றாகத் தெரிந்தது பேக்கரிதான். மூன்று மாதம், காலேஜ் விட்டதும் நேராகக் கல்லாவுக்குப் பக்கத்தில் போய் நின்று, பன் எத்தனை தட்டு, விறகு எத்தனை லோடு என்று குறித்தாள். முதலாளி சிரித்துக்கொண்டே எல்லாம் சொன்னார். "நம்ம மாஸ்டர் பொண்ணு, என் கடைக்கு ஆடிட் பண்றா" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை வேறு. அவள் வந்துசேர்ந்த முடிவு எளிமையானது. ரொட்டி சுடுவதைவிட இடத்தை விற்பது லாபம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: பணியாளர்கள் 3, வேலையை விட்டு அனுப்பச் செலவில்லை.

"இந்த மூணுல உங்கப்பாவும் ஒருத்தர் இல்லையா?" என்று கேட்டேன்.

"ஆன்ட்டி, பர்சனல் எல்லாம் கணக்கு மாடல்ல வராது" என்றாள். என் மேலதிகாரிகள் இந்த வாக்கியத்துக்கு வந்துசேர இருபது வருடம் எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதே மூடி வைக்கச் சொல்லியிருக்கலாம். நான் குறை கண்டுபிடித்தேன். இடம் முதலாளிக்கு மட்டும் சொந்தமில்லை, நகரத்துக்கு வெளியே அத்திபெலேயில் இருக்கும் அவர் தம்பிக்கும் பாதி உண்டு. கூட்டுச் சொத்தைப் பற்றிய அறிக்கை ஒருவருக்கு மட்டும் போவது முறையல்ல, உரிமையாளர் எல்லோருக்கும் ஒரு பிரதி போக வேண்டும் என்றேன். பழகிப் பார்க்க எழுதியதுதானே என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவள் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள். மறுநாள் அத்திபெலேக்குக் கூரியர் போனது.

முதலாளி தன் பிரதியை பன் தட்டுக்கு அடியில் செருகி மறந்துவிட்டார். தம்பி மறக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, கடைக்குள் நுழையாமல், எதிர்ச் சாரியில் நின்று கட்டடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் பால்கனியிலிருந்து கவனித்தேன். கையில் நீல அட்டை. பின்னொரு நாள் டேப் பிடித்து அளக்க இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் விறகு லாரி வருவது நின்றது.

இடம் விலைபோய்க் கடை மூடவிருந்த கடைசி வாரத்தில் மாஸ்டர் அடுப்பிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். தட்டுக்கு அடியில் கிடந்த பிரதி கையில் இருந்தது. "பாப்பா எழுதினதாம் மேடம். எனக்கு இங்கிலீஷ் வராது, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள், ஒன்பதாம் பக்கத்தில் அந்த வரியை மட்டும் தாண்டினேன். ஓர் ஆவணத்தில் வரி விட்டுப் படித்தது வாழ்க்கையில் அன்றுதான். ஆனால் எண் படிக்க இங்கிலீஷ் தேவையில்லை. அவர் கட்டைவிரலை அந்த 3-ன் மேல் வைத்தார். "இது எங்க ஆளுங்களா?" தலையசைத்தேன். விரலைச் சற்று நேரம் எடுக்கவில்லை.

"ஆள் கணக்கு கரெக்டா போட்டிருக்கா மேடம்" என்றார். அறிக்கையை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினார்.

இப்போது அவர் தினமும் பஸ் பிடித்து அத்திபெலே பக்கம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போகிறார். சுடுவதை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. இவர் பாதிச் சம்பளத்துக்குப் பெட்டி ஒட்டுகிறார். பேக்கரி இருந்த இடத்தில் நான்கு மாடி எழும்பியதில், என் பால்கனிக்கு வெயில் வருவதில்லை. பெண்ணுக்கு டிகிரி கடைசி வருடம். போன வாரம் வந்தாள், பெரிய நிறுவனமொன்றில் நேர்காணலாம். "என்னோட முதல் டீல், நிஜமாவே நடந்துச்சுன்னு காட்டணும் ஆன்ட்டி. அந்தக் காப்பி உங்ககிட்டதான் இருக்குன்னு அப்பா சொன்னார்."

இழுப்பறைக்கு முதுகைக் காட்டி நின்றபடி, எங்கேயோ தொலைந்துவிட்டது என்றேன்.

"பரவால்ல ஆன்ட்டி, லேப்டாப்ல இருக்கு. புதுசா ஒண்ணு பிரிண்ட் எடுத்துக்கறேன்."

அதில் ஒன்பதாம் பக்கம் சுத்தமாக இருக்கும்.