விதி எழுதுகிற அம்மா

அறந்தாங்கி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, இணையத்தில் எதையெல்லாம் நீக்க வேண்டும் என்று அரசுக்கு விதி எழுதும் அதிகாரி என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். போனைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் மடியில் கவிழ்த்து வைத்தார்.

என் தங்கச்சி படத்தை எவனோ அசிங்கமாக மாற்றிப் போட்டிருந்தான். அதைச் சொல்லி, "நீங்க எடுத்துருவீங்களாங்க?" என்றேன்.

"விதி எழுதுறதுதாங்க என் வேலை. எடுக்கிறது கம்பெனிக்காரங்க. போனை இங்கிட்டுக் குடுங்க, புகார் போடுவோம்."

பொறுமையாக அவரே அனுப்பினார்.

"எடுத்துருவாங்களா?"

"எடுத்துருவாங்க. என் படமும் ஒண்ணு அப்படிக் கெடக்கு. அதைத்தான் இன்னும் எடுக்கலை" என்று சிரித்தார்.

மறுநாளே தங்கச்சி படம் போய்விட்டது. அவள் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். அந்த அம்மாவின் படம் மட்டும் ஏன் போகவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அதைச் சொல்லும்போது அவரால் எப்படிச் சிரிக்க முடிந்தது என்பதும்.