பல்செட்டுக்குக் கூடுதல் கறி

குடைக்காரம்மாவுக்கு வாய் நீளம் என்று பஸ் நிலையத்தில் எல்லோரும் சொல்வார்கள். அதை அவள் ஒரு குறையாக எடுத்துக்கொண்டதே இல்லை. பஸ்ஸில் ஜனங்கள் மறந்து விட்டுப்போகும் பொருள்களை வாங்கி வைத்து, தேடி வருகிறவர்களிடம் ஒப்படைக்கும் கவுன்டர் அவளுடையது. வந்து சேர்வதில் பாதி குடை. அதனால்தான் அந்தப் பெயர். கம்பி ஜன்னல், ஒரு மேஜை, முதுகுக்குப் பின்னால் கூரை வரைக்கும் இரும்பு அலமாரி. அந்த ஜன்னலில் வந்து நிற்கிற முகங்களை நாள் முழுக்கப் பார்த்தால் யாருக்குத்தான் வாய் நீளாது? கறுப்புக் குடையைத் தேடி ஒருவர் வருவார். அலமாரியில் கறுப்புக் குடை ஒரு கட்டு இருக்கும். "என்ன அடையாளம்?" என்று கேட்டால், "மழை பெஞ்சா விரிப்பேன்" என்பார்.

இதையெல்லாம் அவள் பத்திரமாகச் சேர்த்து வைத்து, சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்வாள். வேறு யாரிடம் சொல்வது? மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்தால் குனிந்ததுதான். அவள் கையை ஆட்டி, மூக்கைச் சுருக்கி, குரலை மாற்றி, ஒரு ஆள் பாக்கியில்லாமல் நடித்துக் காட்டுவாள். அவர் "ம்" என்பார். சிரிக்க வேண்டிய இடம் வந்ததும் "உப்பு எங்க?" என்பார். இந்த மனுஷனுக்குச் சொல்வதற்குச் சுவருக்குச் சொல்லலாம் என்று தினமும் நினைப்பாள். மறுநாளும் சொல்வாள். சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

ஒரு நாள் காலையில் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்க்கும் அக்கா ஜன்னலுக்கு வந்து தலையை நீட்டினாள்.

"ஏண்டி, உன் வீட்டுக்காரர் இப்படிப்பட்ட ஆளுன்னு நீ சொல்லவே இல்லையே!"

"எப்படிப்பட்ட ஆளு?"

"நேத்து ஆஸ்பத்திரி ரோட்டுல, ரொட்டியில கறியைச் சுருட்டித் தர்றாங்களே, அந்த ராப் கடைக்குப் போயிருந்தேன். நடுவுல உட்கார்ந்துகிட்டு கடையையே சிரிக்க வச்சிட்டிருக்காரு. எனக்கு இன்னும் விலா நோவுது."

"ஆள் மாறிப் பாத்திருப்பீங்க அக்கா. எங்க வீட்டுக்காரருக்குச் சிரிச்சா முகம் சுளுக்கிக்கும்."

"போடி, உன் மக கல்யாணத்துல பக்கத்துல நின்னு போட்டோ எடுத்திருக்கேன். எனக்கு அந்த மூஞ்சி தெரியாதா?"

குடைக்காரம்மாவுக்கு முதலில் ஞாபகம் வந்தது டப்பா. தினமும் விடியற்காலையில் எழுந்து சமைத்துக் கட்டிக் கொடுக்கிற மத்தியானச் சாப்பாடு. டப்பா காலியாகத்தான் திரும்பி வருகிறது. அப்படியானால் அது யார் வயிற்றுக்குப் போகிறது? இவர் ராப் கடையில் எதைத் தின்கிறார்? யாரைச் சிரிக்க வைக்கிறார்?

"அங்க பொம்பளைங்க இருந்தாங்களா அக்கா?"

"கடைக்காரியே பொம்பளைதான். சுறுசுறுப்பு. தோடு மட்டும் இவ்வளவு பெரிசு," என்று அக்கா விரலை வளைத்துக் காட்டினாள்.

அந்த அளவைப் பார்த்ததுமே குடைக்காரம்மா தானே நேரில் போய்ப் பார்ப்பதென்று முடிவு கட்டினாள். மறுநாள் மத்தியானம் கவுன்டரைப் பூட்டினாள். பூட்டுவதற்கு முன்னால் அலமாரியின் மேல்தட்டிலிருந்து, யாரும் தேடி வராமல் கிடந்த ஒரு அகலத் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் எடுத்து மாட்டிக்கொண்டாள். அது விதிக்கு விரோதம். விதியைப் பார்த்தால் புருஷனை யார் பார்ப்பது?

ராப் கடை ஒரு சின்னக் கூடம். வாசலை ஒட்டி நீளமான கண்ணாடி மேடை, அதற்குப் பின்னால் சூடான இரும்புக் கல், சுவரோரம் ஏழெட்டு மேஜைகள், நடுவில் ஒரு தூண். தோடு போட்ட கடைக்காரி கல்லில் ஒரு மெல்லிய ரொட்டியைப் போட்டுத் திருப்பினாள். அதன் மேல் கறித்துண்டு, வெங்காயம், வெள்ளரிக்காய், வெள்ளைச் சாஸ், சிவப்புச் சாஸ் என்று அள்ளிப்போட்டு, இரண்டு ஓரத்தையும் மடித்து ஒரே உருட்டாக உருட்டித் தாளில் சுற்றிக் கொடுத்தாள். பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. அந்தக் கையில் ஒரு குறை சொல்ல முடியவில்லை.

அதை வாங்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் இருந்த மேஜையில் உட்கார்ந்து, பிரித்தாள். பிரித்ததுதான் தாமதம், ராப் அவள் கையிலேயே அவிழ்ந்து, பாதி மேஜையிலும் பாதி மடியிலும் விழுந்தது.

"அம்மா, தாளை முழுசா உரிச்சிட்டீங்களே!" என்றாள் கடைக்காரி மேடையிலிருந்தே. "கடிக்கக் கடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக் கிழிக்கணும். முதல் தடவையா?"

கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். குடைக்காரம்மா தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, விழுந்ததை விரலால் பொறுக்கித் தின்றாள். கண்றாவி, நன்றாகத்தான் இருந்தது. அதற்கும் சேர்த்து எரிந்தது.

அப்போது அவர் வந்தார். கூடவே வேலை பார்க்கும் இன்னொரு மெக்கானிக்கும் வந்தார். கடையில் நாலு பக்கமிருந்தும் "வாங்க, வாங்க" என்று குரல் கிளம்பியது. யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். கூட வந்தவர் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். அது குடைக்காரம்மாவின் டப்பா. அவள் வீட்டுக் கரண்டியாலேயே அவள் சமைத்ததை வழித்து வழித்துச் சாப்பிட ஆரம்பித்தார். புருஷனோ ராப்பின் தாளைப் பதமாக ஒரு விரற்கடை கிழித்து, ஒரு கடி கடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு என்ன அண்ணே விசேஷம்?" என்றான் பக்கத்து மேஜைக்காரன்.

"அதை ஏன் கேக்குற? நாலாவது மாடியில ஒரு பெரியவர். லிஃப்டுல ஏறினார், கதவு சாத்துற நேரம் பாத்துத் தும்மினார் பாரு ஒரு தும்மல்! வாயில இருந்த பல்செட் பறந்து, கதவு இடுக்கு வழியா நேரா லிஃப்டுக்கு அடியில இருக்கிற பள்ளத்துல."

குடைக்காரம்மாவின் கை அப்படியே நின்றது. பல்செட்டா?

"இறங்கித் தேடுறேன். ஒண்ணு கிடைக்கும்னு போனா அங்க மூணு கிடக்கு! கழுவி எடுத்துட்டு வந்து, போட்டுப் பாருங்க ஐயான்னேன். ஒண்ணை மாட்டினார். கண்ணாடியில இப்படித் திரும்பிப் பாத்தார், அப்படித் திரும்பிப் பாத்தார். 'தம்பி, இது என்னோடது இல்ல. ஆனா என்னோடதை விட இதுதான் எடுப்பா இருக்கு, இதையே வச்சுக்கவா?'ன்னார்."

அவர் அந்த இடத்தில் நிறுத்தினார். தண்ணீர்க் குவளையை எடுத்து, மெதுவாக இரண்டு வாய் குடித்தார். கடையே மூச்சுப் பிடித்துக் காத்திருந்தது.

"நான் சொன்னேன், 'தாராளமா வச்சுக்குங்க ஐயா. ஆனா இதோட சொந்தக்காரர் வந்து கேக்குற வரைக்கும் தெருவுல யார்கிட்டயும் பல்லைக் காட்டிடாதீங்க.'"

கடை குலுங்கியது. ஒருவனுக்குப் புரையேறியது. கடைக்காரி இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பல்செட் போன வாரம் குடைக்காரம்மாவின் ஜன்னலுக்கு வந்த பல்செட். கண்ணாடி அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கண்ணாடி. பதில் அவள் வாயிலிருந்து வந்த பதில். அதை வீட்டில் சொன்னபோது இதே மனுஷன் "உப்பு எங்க?" என்று கேட்டார்! ஆனால் தும்மல் அவளுடையது இல்லை. நிஜத்தில் அந்தப் பெரியவர் பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றி வைத்து, கைக்குட்டையோடு பஸ்ஸில் விட்டுவிட்டார். தும்மல் அதைவிட நன்றாக இருந்தது. அந்த இடத்தில் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றும் அவளுக்கு இத்தனை வருஷத்தில் தோன்றியதில்லை. தன் கதைக்குத் தானே சிரிப்பு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோட்டைப் பற்றிய சந்தேகம் எப்போதோ போய்விட்டது. அந்தச் சந்தேகமே நிஜமாக இருந்திருந்தால் தேவலாம் என்று பட்டது. இன்னொருத்தியைப் பார்த்துச் சிரித்தால் தலைமுடியைப் பிடித்து இழுக்கலாம். இதற்கு யாருடைய முடியைப் பிடிப்பது?

"வீட்டுல இதைச் சொன்னீங்களா அண்ணே? அண்ணி என்ன சொன்னாங்க?"

"அவகிட்டயா?" என்று புருஷன் கையை விரித்தார். "அவ வாயில்லாப் பூச்சிப்பா. சாயங்காலம் வீட்டுக்குப் போனா ஒரு வார்த்தை பேச மாட்டா. நானாப் பேசினாத்தான் உண்டு."

"ஐயோ பாவம்," என்றாள் கடைக்காரி.

"பேச்சு வராட்டி என்ன, கை மணம் இருக்கே," என்றார் டப்பாவை வழித்துக்கொண்டிருந்தவர்.

குடைக்காரம்மா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாயில்லாப் பூச்சியா! அங்கேயே போய் நின்று கேட்டிருப்பாள். ஆனால் மடியெல்லாம் வெள்ளைச் சாஸ், தலையில் எவனோ தொலைத்த தொப்பி. இந்தக் கோலத்தில் போய் நின்றால் கடை இன்னொரு தடவை சிரிக்கும். அந்தச் சிரிப்பும் அவர் கணக்கில்தான் சேரும். மேடையில் காசைக் கொடுத்தபோது கடைக்காரி ரகசியம் போலச் சொன்னாள்:

"நல்லா இருந்துச்சா அம்மா? அந்த அண்ணன் பேச்சைக் கேக்கவே பத்துப் பேர் வர்றாங்க. அதான் அவர் ராப்புல மட்டும் ஒரு பிடி கறி கூடுதலா வைப்பேன்."

அவள் பல்செட்டுக்கு அவருக்குக் கறி! பஸ் நிலையம் வரைக்கும் இதையே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் தட்டை வைத்தாள், பரிமாறினாள், எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். வாயைத் திறக்கவில்லை. பூச்சி என்றால் பூச்சிதான். குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. அவர் இரண்டு கவளம் சாப்பிட்டார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தார்.

"இன்னைக்கு யாரும் வரலையா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படிக் கேட்டதில்லை. இந்த ஒரு கேள்விக்காக அவள் எத்தனை சாயங்காலம் ஏங்கியிருப்பாள்! நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. அடுத்த கணமே, நாளை மத்தியானத்துச் சரக்குக்காகக் கேட்கிறார் என்று ஞாபகம் வந்து, துள்ளின இடமே எரிந்தது.

"வந்துச்சு," என்றாள். "ஒரு கிளி."

அவர் கை தட்டுக்கு இறங்கியது.

"கூண்டோட பஸ்ஸில விட்டுட்டுப் போயிருக்காங்க. கண்டக்டர் கொண்டாந்து மேஜையில வச்சான். வச்சதுலேருந்து அது ஒரே பேச்சு. மெல்லிசா, ஒரு பொம்பளைக் குரலுல, 'இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன், இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன்.' வர்றவங்க போறவங்க எல்லாம் என்னைப் பாக்குறாங்க. சாயங்காலம் சொந்தக்காரர் வந்தார். தனியா வரல, சம்சாரத்தையும் கூட்டிட்டு வந்தார். அந்தம்மா வாயைத் திறந்தா கட்டைக் குரல், லாரி மாதிரி. கிளி அந்தம்மாவை ஏற இறங்கப் பாத்துச்சு. கழுத்தைச் சாய்ச்சுது. அப்புறம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிச்சு பாருங்க."

அவள் தண்ணீர்க் குவளையை எடுத்தாள். மெதுவாக இரண்டு வாய் குடித்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, குழாயடிக்குப் போய்க் கழுவ ஆரம்பித்தாள்.

"என்ன சொல்லிச்சு?" என்றார் அவர்.

"நாளைக்கு மத்தியானம் ராப் கடைக்கு வரேன். அங்க சொல்றேன்."

அவர் குழாயடிப் பக்கம் திரும்பினார். "தூணுக்குப் பின்னாடி ஒரு தொப்பி உட்கார்ந்திருந்துச்சே," என்றார். "நீயா?"

"நான்தான்."

மன்னிப்புக் கேட்பார் என்று அவள் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் கேட்டது வேறு.

"நல்லா இருந்துச்சா?"

பொய் சொல்ல நாக்கு வரை வந்தது. "இருந்துச்சு," என்றாள். "அதுலதான் எனக்கு வயித்தெரிச்சலே. அந்தத் தும்மல் எங்கேருந்து வந்துச்சு?"

"நானாச் சேத்தது."

"வாயில்லாப் பூச்சி?"

அவர் தட்டைப் பார்த்துக் குனிந்தார். "அதெல்லாம் நீ சொன்னதுன்னு சொன்னா, உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்வாங்க."

"கூட்டிட்டுப் போனா குடி முழுகிடுமா?"

"நீ வந்து வாயைத் திறந்தா அப்புறம் என்னை யாரு பாப்பாங்க?" என்றார் அவர். "என் வேலையில யாரு என்கிட்டப் பேசுறாங்க? லிஃப்ட் எப்ப ஓடும்னு கேப்பாங்க, ஓடினா போயிடுவாங்க. நீ அந்த ஜன்னல்ல உட்கார்ந்துகிட்டு ஊரையே வீட்டுக்குக் கொண்டாந்துடுற. நீ சொல்றப்ப நான் ஏன் தலை நிமிர மாட்டேன்னு நினைச்ச? நிமிர்ந்தா சிரிச்சிடுவேன். சிரிச்சா, நீதான் கெட்டிக்காரின்னு ஒத்துகிட்ட மாதிரி ஆயிடும்."

இத்தனை வருஷமாகச் சுவர் என்று நினைத்தது ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறது. அவளைப் பார்த்து வெந்துபோய்ச் சிரிப்பை விழுங்கியிருக்கிறது. குடைக்காரம்மாவுக்குப் பாவமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஒளிப்பானேன், சந்தோஷம்தான் கூடுதல். அவள் மறுபடி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கிளி என்ன சொல்லிச்சுன்னு மட்டும் சொல்லிடு," என்று அவர் கெஞ்சினார்.

"நாளைக்கு."

"அத்தனை பேருக்கு நடுவுல நானும் வாயைப் பொத்திகிட்டு உட்கார்ந்து கேக்கணுமா?"

"நான் இன்னைக்குக் கேக்கல?" என்றாள் அவள்.