ஒரு போனாவது திரும்பி வராம இருக்கணும்

செல்போன் ரிப்பேர் தொழில்ல போனோட மல்லுக்கட்டறது ஒண்ணுமே இல்லீங்க, போனைக் கொண்டு வர்ற ஆளோட மல்லுக்கட்டறதுதான் தொழிலே. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வச்சிருக்கேன். ஊரு உலகமே ரெண்டு கம்பெனியோட ஆபரேட்டிங் சிஸ்டத்துல மாட்டிக் கிடக்குதேன்னு, பழைய போன்ல வேவு பார்க்காத, விளம்பரம் காட்டாத இலவச சிஸ்டம் ஒண்ணைப் போட்டுக் கொடுக்க ஆரம்பிச்சேன். போன போனெல்லாம் திரும்பி வந்துச்சு. எம்பட சம்சாரம் முகத்துக்கு நேரா சொல்லிட்டா: "ஒரே ஒருத்தராவது அதை வச்சுக்கிட்டா எங்கிட்டப் பேசுங்க. இல்லீன்னா இந்தக் கூத்தை நிறுத்துங்க." கடை வச்சுக் கஷ்டப்படுற மகராசனுங்களே, நீங்களாவது கேளுங்க.

பேங்க் ஆப்

கோழிப்பண்ணைக்காரர் ஒருத்தர்கிட்ட, "இதைவிடப் பாதுகாப்பான போன் கிடையாதுங்க"ன்னு அடிச்சுச் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் நான் ஷட்டரைத் தூக்கறதுக்குள்ள வந்து நிக்கறார். தீவனத்துக்குப் பணம் போட பேங்க் ஆப்பைத் திறந்தா, 'உங்கள் போன் பாதுகாப்பானது அல்ல'ன்னு சொல்லி மூடிக்குதாம். பழக்கமில்லாத சிஸ்டத்தைப் பார்த்தா அது அப்படித்தான் சொல்லும்னு தொண்டை வறள விளக்கினேன். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னார்: "பேங்க்காரனே பயப்படுற போனை எந்தலையில கட்டீட்டீங்களே தம்பி!"

பின்தெரு

அடுத்தவர் லாரி டிரைவர். இந்த சிஸ்டத்துல சாட்டிலைட் கிடைச்சாத்தான் இடம் தெரியும், கேபினுக்குள்ள சிலசமயம் பழைய இடத்தையே காட்டிட்டு இருக்கும். அவர் லோடோட ஹூப்ளியைத் தாண்டிட்டார். சம்சாரத்துக்கு அனுப்பின லொகேஷன் மட்டும் எங்க கடைக்குப் பின்தெருவுலயே நிக்குது! அந்த அக்கா தெரு முழுக்க எட்டிப் பார்த்துட்டு எங்கிட்ட வந்து நின்னுச்சு. அட, சாட்டிலைட்டு, சிக்னலுன்னு என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் எனக்கு வேண்டாங்க, அவரு எந்த ஊட்டுல இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க."

எதெல்லாம் வராது?

வெறுத்துப் போயி உட்கார்ந்திருந்தப்ப வெண்ணந்தூர்ல இருந்து ஒரு அக்கா வந்துச்சு. வீட்டுக்காரர் தறி ஓட்டறவர். கூலி மொத்தமும் போன் சீட்டாட்டத்துல போகுதாம், பிள்ளை காதுல கிடந்த தோடும் போயிருச்சாம். எல்லாரும் இந்த சிஸ்டத்துல என்னென்ன வரும்னு கேட்பாங்க, இந்த அக்கா என்னென்ன வராதுன்னு கேட்டுச்சு. பொய் சொல்ல மனசு வரலை. "சீட்டாட்டம் தானா வராதுங்க்கா. ஆனா ஏத்தத் தெரிஞ்சவங்க ஏத்திக்கலாம்"னேன். "அவருக்கு எங்கீங்க தெரியும்? நீங்க சொல்லிக் குடுக்காம இருந்தாப் போதும்."

அவரே வந்தார்

அந்த அக்கா கொண்டு வந்த அவர் போன்ல நம்ம சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தனுப்பினேன். கொஞ்ச நாள்ல அந்த வீட்டுக்காரரே வந்துட்டார். போச்சு, இதுவும் திரும்பி வந்துருச்சுன்னு எரிச்சலோட கையை நீட்டினேன். அவர் போனைக் கொடுக்கலை. அந்த ஆட்டத்தை இதுல ஏத்த முடியுமான்னு கேட்கத்தான் பஸ் ஏறினாராம். கடை வாசல்ல ரொம்ப நேரம் நின்னு யோசிச்சு, அதைக் கேட்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டு உள்ளே வந்தாராம். போனை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார்: "நாளைக்கு நானே வந்து உங்க கால்ல உழுந்தாலும் பழசைப் போட்டுறாதீங்க."

ஊருக்கெல்லாம் விடுதலை வாங்கித் தரேன்னு கிளம்பினவனுக்கு நிலைச்ச ஒரே கஸ்டமர், தன்னைப் பூட்டி வைக்கச் சொல்லி வந்தவருங்க.