சண்டை போட ஓர் ஆள்

கனகாக்கா இறந்த செய்தி எங்கள் கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் முதலில் வந்தது. கோவை ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய தம்பி பேசினாராம். மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. பூத்துக்கார அண்ணன் வந்து சொன்னபோது அப்பா பிளாஸ்டிக் குடங்களைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "பாவம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ அந்த ஊட்டுப் பக்கம் போவேண்டாம்" என்றார்.

நான் போகவில்லை. நாளை பள்ளியில் இரங்கல் கூட்டம். அவரைப் பற்றி எழுதித் தருவதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். பெயர் போடுவது அவரவர் விருப்பம் என்று தலைமையாசிரியை சொன்னார். எல்லோரும் தூங்கியபின் இதை எழுதுகிறேன். அப்பா புரண்டு படுக்கும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது.

நம் பள்ளி அலுவலகத்தில் கனகாக்கா எப்படி வேலை பார்த்தார் என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்புகளுக்குக் குடிதண்ணீர் வைக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்த ஆர்டர் தம் கடைக்குத்தான் என்று அப்பா நம்பியிருந்தார். கனகாக்கா பின்தெருவில் பானை செய்யும் மாராயக்காவிடம் மண்பானைகள் வாங்கிவிட்டார்.

அப்பா பஸ் ஸ்டாண்டிலேயே நிறுத்திக் கேட்டார்.

"ஏனம்மணி, ஒடையாத சாமான உட்டுப்போட்டு ஒடையறத வாங்கியிருக்கற?"

"உங்க கொடம் நல்ல கொடந்தானுங்ண்ணா. எங்கூட்டுலயும் ஒண்ணு இருக்குதுங்க. ஆனா அது ஒழுகுச்சுன்னா நான் யாருகூடச் சண்டைக்குப் போறதுங்க?"

"எங்கிட்ட வா."

"நீங்க கம்பெனிக்காரனக் கை காட்டுவீங்க. அவன் மூஞ்சிய நீங்களும் பாத்ததில்ல, நானும் பாத்ததில்லீங்களே."

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்பா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து நான் கனகாக்காவோடு பேசக் கூடாது என்று உத்தரவு.

சில நாட்களிலேயே எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பானை விரிசல்விட்டு, முதல் வரிசைப் பைகளெல்லாம் நனைந்தன. வீட்டில் சொன்னேன். அப்பா சந்தோஷமாக இன்னொரு தோசை கேட்டார். கனகாக்காவோ அந்தப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாராயக்கா வீட்டுக்கே நடந்தார். வேடிக்கை பார்க்க நாங்களும் பின்னால் போனோம்.

"ஏனுங்க மாராயக்கா, பானை செஞ்சீங்களா, சல்லடை செஞ்சீங்களா?"

"மழையில சூளை சரியா வேகலீங்க அம்மணி. அதுக்குத் தெருவே கேக்கக் கத்தோணுமாக்கு?"

"கத்துவனுங்க."

"கத்துங்க, கத்துங்க. மொதல்ல மோரு குடிச்சுப்போட்டுக் கத்துங்க."

மறுநாள் பள்ளி தொடங்கும் முன்பே மாராயக்கா வேறு பானையைத் தலையில் சுமந்துவந்து வாசலில் நின்றார். அதன் கழுத்தில் மூன்று நகக்கீறல்கள் இருந்தன. "எம்பானைன்னு அடையாளமுங்க. நாளைக்கு நானே இல்லீன்னு சொல்ல முடியாதில்லீங்க" என்றார். கனகாக்கா அந்தக் கீறல்களைத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற எங்களிடம், "சாமான் வாங்குனா, சண்டை போட ஒரு ஆளையும் சேத்து வாங்கோணும் கண்ணுகளா" என்றார்.

சிறுமுகையில் தமக்குச் சேலை நெய்தவரிடம் சாயம் போகிறது என்று சண்டைக்குப் போய், அங்கேயே மத்தியானச் சோறு சாப்பிட்டு வந்தவர் அவர். அடுத்த சேலையும் அந்த நெசவுக்காரரிடம்தான் வாங்கினார்.

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. என் சீருடையும் புத்தகமும் அந்தக் கடையிலிருந்து வந்தவைதான். கனகாக்காவும் அவரைக் குறை சொன்னதில்லை. வழியில் பார்த்தால், நான் பேச மாட்டேன் என்று தெரிந்தும், "அப்பன வெயில்ல ரொம்ப நிக்க வேண்டாம்னு சொல்லு கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

சுடுகாட்டில் உடைக்கும் நீர்க்குடத்தை மாராயக்காதான் செய்து கொடுத்தாராம். சாவு வீட்டுக்குப் போய்வந்த தோழி சொன்னாள். அதிலும் மூன்று கீறல்கள். உடையப் போகிற குடத்துக்கு அடையாளம் எதற்கு என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "அம்மணி எந்திரிச்சு வந்து சண்டை போடட்டும்னுதானுங்க" என்று சொல்லி அழுதாராம்.

பெயர் போடாமல் கொடுத்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு விஷயம் எட்டாமல் இருக்காது. என்ன செய்வார் என்று தெரியவில்லை. ஆனால் கோபம் வந்தால் கேட்பதற்கு அவருக்கும் ஓர் ஆள் வேண்டும். கனகாக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

செய்தவள்: கு. செல்வி, ஒன்பதாம் வகுப்பு, பிளாஸ்டிக் கடைக்காரர் மகள்.