தூசியோடு ஆஸ்பத்திரிக்குப் போன நாள்

மூச்சைக் கொடுத்தவரும் அதைப் பாதியில் நிற்கவிடாமல் காத்தவரும் கர்த்தர்தான். அதைச் சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன். நான் தேவதாஸ், மேலகரம். வீடுகளுக்கு டைல்ஸ், கிரானைட் போடுவது என் தொழில். அதில் நான் கெட்டிக்காரன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

கல்லைத் தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும். ஆனால் பெயின்ட் அடித்த வீட்டுக்குள் சேறு தெறித்தால் வீட்டுக்காரர்கள் சத்தம் போடுவார்கள். அதனால் காய்ந்த கல்லையே அறுப்போம். மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான். சாயங்காலம் மாவு மில்லில் இருந்து வந்தவன் மாதிரி வெள்ளையாக நிற்பேன். உடனே பைக்கை எடுத்துக்கொண்டு குற்றாலம் போவோம். அருவியில் முதுகைக் காட்டி நின்றால் உள்ளே போன தூசியும் போய்விடும் என்று எங்கள் ஆட்கள் எல்லோருமே நம்பினோம்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் இருமல் பிடித்தது. விடவே இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு டாக்டர் சளி என்றார், ஒருவர் அலர்ஜி என்றார். டிபியோ என்று சோதித்தார்கள், அதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு நான் அருவியில் குளித்து, தேய்த்த சட்டை போட்டு, சென்ட் அடித்துத்தான் போவேன். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பயந்துபோனேன். பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் காலையில் என் மனைவி கிருபையும் நானும் முழங்காலில் நின்றோம். "ஆண்டவரே, குணமாக்குறது பொறவு இருக்கட்டும். இது என்ன நோயின்னு மட்டும் காட்டும்" என்று அழுதேன்.

அன்று மத்தியானமே, செங்கோட்டையில் ஒரு வீட்டுச் சமையல் மேடைக்குக் கல் அறுக்கும்போது மூச்சு அடைத்துச் சரிந்துவிட்டேன். கூட வேலை பார்க்கும் முருகன் ஆட்டோவில் தூக்கிப் போட்டான்.

"இந்தக் கோலத்துலயா? குளிச்சிட்டுப் போவோம்லே" என்றேன்.

"உசுரு போற நேரத்துல உமக்கு சோப்பு கேக்குதோ? பேசாம வாரும்" என்றான்.

காலையில்தானே கேட்டேன், இதுதானா பதில் என்று ஆண்டவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

தென்காசி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என் கையைப் பிடித்ததும் அவர் விரல் வெள்ளையானது. அதையே பார்த்தார்.

"இது என்ன தூசி?"

"கல்லுத் தூசிம்மா. கிரானைட்டு அறுக்கேன்."

அவர் உடனே எக்ஸ்ரே, ஸ்கேன் எழுதினார். அருவியில் குளித்தால் போய்விடும் என்று நம்பியதைச் சொன்னேன். படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இந்தத் தூசி நுரையீரல்ல தழும்பாயிருச்சு. அருவியில நின்னாலும் போகாது, மருந்துக்கும் போகாது. ஆனா ஆரம்பம்தான். இன்னையோட தூசியை விட்டீங்கன்னா கூடாமத் தடுக்கப் பார்க்கலாம்."

இத்தனை நாள் யார் கண்ணிலும் படாததைக் காட்ட, என்னைக் குளிக்கவிடாமல் கொண்டுபோய் நிறுத்தியவர் யார்? அந்தக் கட்டிலிலேயே மன்னிப்புக் கேட்டேன்.

"தொழில் போனா போகட்டும், நீங்க இருந்தா போதும்" என்றாள் கிருபை. நாங்கள் கல் வாங்கும் கடை அண்ணாச்சியோ, "நீரு அளவெடும், டிசைன் சொல்லும். அறுக்கதை முருகன் பாத்துக்கிடுவான்" என்றார். வீட்டுக்கு வெளியே வைத்து, தண்ணீர் விட்டு, சரியான மாஸ்க் போட்டுத்தான் அறுப்போம் என்று வீட்டுக்காரர்களிடம் பேசிய பிறகே இப்போது அளவு நாடாவை எடுக்கிறேன். அதற்காகச் சண்டையும் போடுகிறேன்.

கடைசியாக எடுத்த எக்ஸ்ரே படத்தில் என் தழும்பு கூடவில்லை. அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று உண்டு. முருகனையும் இழுத்துக்கொண்டு போய்ப் படம் எடுக்க வைத்தேன். அவன் நெஞ்சு சுத்தமாக இருந்தது. நான் எனக்காக மட்டும்தான் கேட்டேன். ஆண்டவர் இரண்டு வீட்டுக்குச் சேர்த்துக் கொடுத்தார்.

கல் உடைக்கிற கிரஷரிலோ மர மில்லிலோ வேலை பார்த்து இருமுகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். ஜெபியுங்கள், அவர் கேட்கிறார். ஜெபித்து எழுந்ததும் டாக்டரிடம் போய் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஆராதனை முடிந்ததும் வாசலில் நில்லுங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.